ஒரே ஊரில் பன்னிரண்டு நாள்: ஏன் இப்படிப் பயணம் செய்கிறேன்?

வணக்கம் நண்பர்களே. கேமராவை ஜன்னல் ஓரமாக வைத்திருக்கிறேன், வெளிச்சம் போதும் என்று நினைக்கிறேன். இன்று சுற்றிக் காட்ட எதுவும் இல்லை. உட்கார்ந்து பேசப் போகிறேன், அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள். இன்னும் மூன்று நாள் இருப்பேன். போன வீடியோவைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் கேட்டது ஒரே கேள்வி: "இவ்வளவு தூரம் போய் ஒரே ஊரில் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதே நாட்களில் ஐந்து ஊர் பார்த்திருக்கலாமே?" நியாயமான கேள்வி. நானும் பல வருடம் அப்படித்தான் சுற்றினேன். இறங்குவேன், படம் எடுப்பேன், மறுபடி வண்டி ஏறுவேன். அவசரக் கோலம் அள்ளித் தெளித்ததுபோல. திரும்பி வந்து படங்களைப் புரட்டினால் எது எந்த ஊர் என்றே பிடிபடாது.

இப்போது ஒன்று புரிகிறது. எந்த ஊரிலும் முதல் இரண்டு நாள் என் கண்ணில் படுவது, பார்க்க வேண்டும் என்று நான் முன்கூட்டியே நினைத்து வந்ததுதான். மூன்றாம் நாளுக்கு மேல்தான் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பிக்கிறது. இந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு கல் பெஞ்ச் இருக்கிறது. தினமும் சாயங்காலம் ஒரு மூதாட்டி அங்கே வந்து உட்காருகிறார். முதல் நாள் நான் கேமராவோடு அந்தப் பக்கம் திரும்பியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாக ஒன்றும் இல்லை. நிதானமாக, பழகிப்போன ஒரு அசைவாகத் திருப்பிக்கொண்டார். எத்தனை பேர் எத்தனை முறை எடுத்திருந்தால் ஒருவருக்கு அது பழகிப்போயிருக்கும்? அன்று எடுத்ததை அப்போதே அழித்துவிட்டேன். ஆனால் அந்த அசைவு மனதை விட்டுப் போகவில்லை.

பார்த்துவிட்டுத்தானே வருகிறோம், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை உடைத்தது பிரான்ஸில் உள்ள லாஸ்கோ குகையின் கதை. சுமார் 17,000 ஆண்டு பழமையான ஓவியங்கள். காளைகள், குதிரைகள், மான்கள். 1940-ல் சில சிறுவர்கள் கண்டுபிடித்தார்கள், 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள். சுவரில் யாரும் கிறுக்கவில்லை, எதையும் பெயர்த்து எடுக்கவில்லை. மூச்சு மட்டும் விட்டார்கள். அந்த மூச்சில் இருந்த கரியமில வாயு, ஈரம், உடல் சூடு, அதோடு உள்ளே போட்டிருந்த விளக்குகள், எல்லாம் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி பிடித்தது, வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம் படர்ந்தது. 1963-ல் மூடிவிட்டார்கள். இருட்டில் அத்தனை ஆயிரம் ஆண்டு பத்திரமாக இருந்தவை, திறந்து வைத்த பதினைந்தே ஆண்டில் ஆபத்துக்கு வந்துவிட்டன. இன்று நாம் அங்கே போனால் பார்ப்பது பக்கத்தில் கட்டியிருக்கும் நகல் குகையைத்தான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. நகலைப் பார்த்துவிட்டு வருவதும் ஒரு மரியாதைதான்.

ஆக, நாம் போய் நிற்பதே ஒரு பாரம். தாய்லாந்தின் மாயா விரிகுடாவிலும் இதுதான் நடந்தது. ஒரு தீவில் இருக்கும் சின்னக் கடற்கரை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் படகில் வந்து இறங்கினார்கள். பவளப்பாறைகள் பாழாகி, 2018 ஜூனில் மூடினார்கள். முதலில் நான்கு மாதம் என்றார்கள், அது மூன்றரை வருடமானது. 2022 ஜனவரியில் திறந்தபோது படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது, தீவின் பின்பக்கம்தான் நிற்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். மனிதர்கள் இல்லாத அந்தக் காலத்தில் கரும்நுனிச் சுறாக்கள் கரையோரம்வரை திரும்பி வந்திருந்தன. இப்போதும் ஒவ்வொரு வருடமும் சுமார் இரண்டு மாதம் அந்த இடத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

அது கடல், அது பாறை. மனிதர்கள் சம்பந்தப்பட்டது இன்னும் நுணுக்கமானது. ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் உலுரு பாறையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனித இடம். 1985 அக்டோபர் 26-ல் அந்த நிலம் சட்டப்படி அவர்கள் கைக்குத் திரும்பியது. ஆனால் ஏறுவது நிற்கவில்லை. பாறையில் அடித்திருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. கீழே பலகை இருந்தது, பல மொழிகளில்: தயவுசெய்து ஏறாதீர்கள் என்று. ஏறப்போய் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். தங்கள் மண்ணுக்கு வந்த விருந்தாளிக்கு ஏதாவது ஆனால் அது தங்கள் பொறுப்பு என்று அனங்கு மக்கள் நினைக்கிறார்கள், ஒவ்வொரு சாவும் அவர்களுக்குத் துக்கம். கடைசியில் 2019 அக்டோபர் 26 அன்று, நிலம் திரும்பக் கிடைத்து சரியாக 34 ஆண்டு கழித்து, ஏறுவதை நிரந்தரமாக நிறுத்தினார்கள். என்னை மிகவும் பாதித்தது அதற்கு முந்தைய சில வாரங்கள். மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கடைசியாக ஒருமுறை ஏறிவிடலாம் என்று நீண்ட வரிசை நின்றது. அந்தப் படங்களை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றவர்கள் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டேனே" என்ற ஒரே நினைப்பு, பலகையில் எழுதியிருந்ததை மறைத்துவிடுகிறது. அந்த நினைப்பு எனக்கும் வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும்.

கொஞ்சம் இருங்கள், மழை வருகிறது, ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

சரி. நினைவுக்கு ஒரு கூழாங்கல் எடுத்து வருவது பற்றியும் பேசணும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில், கல்லாகிப்போன மரங்கள் நிறைந்த ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரங்கள். அங்கிருந்து துண்டுகளை எடுத்துப் போனவர்கள், பல வருடம் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள். ஆனால் அவற்றை மறுபடி பழைய இடத்தில் வைக்க முடிவதில்லை. எந்த இடத்தில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும்? தெரியாமல் எங்கேயாவது போட்டால் ஆய்வு செய்பவர்களைக் குழப்பிவிடும். அதனால் திரும்பி வந்த கற்களைத் தனியாக ஒரு குவியலாகப் போட்டிருக்கிறார்கள், மனசாட்சிக் குவியல் என்றே அதற்குப் பெயர். வீடுவரை திரும்பி வந்தும் வீட்டுக்குள் போக முடியாத கற்கள். இதைப் படித்த நாளிலிருந்து நான் ஒரு சிப்பியைக்கூட எடுப்பதில்லை.

அப்புறம், வீடியோ போடும் என்னைப் போன்றவர்கள் செய்யும் தவறு ஒன்று. கலிபோர்னியாவில் லேக் எல்சினோர் என்ற சின்ன நகரத்துக்குப் பக்கத்து மலைச்சரிவில் 2019 மார்ச்சில் ஆரஞ்சு நிறப் பாப்பிப் பூக்கள் விரித்த கம்பளமாகப் பூத்தன. படங்கள் பரவின, கூட்டம் வந்தது, நகரமே ஸ்தம்பித்தது. பூவுக்கு நடுவில் படுத்துப் படம் எடுத்தார்கள். மிதிபட்ட செடி விதை போடாது. 2023-ல் மறுபடி அதேபோல் பூத்தபோது, அந்த இடத்துக்கே யாரும் வராதபடி மூடிவிட்டார்கள். நான் சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய நீர்ச்சுனையை லொகேஷனோடு போட்டேன். அடுத்த வருடம் போனபோது பாதை இரண்டு மடங்கு அகலமாகியிருந்தது, கரையில் புல் இல்லை. நான் ஒருவன் மட்டுமே காரணம் இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு இப்படிப்பட்ட சின்ன இடங்களின் பெயரை நான் சொல்வதில்லை. சொல்லச் சொல்லிக் கேட்பவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

மெதுவாகப் போனால் இதெல்லாம் தீர்ந்துவிடுமா? தீராது. ஆனால் நாம் போவதால் அங்கே என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க நேரம் கிடைக்கும். வெனிஸ் நகரம் 2024-ல் நுழைவுக் கட்டணம் கொண்டுவந்தது, நெரிசல் மிகுந்த நாட்களுக்கு மட்டும். யாருக்குத் தெரியுமா? காலையில் வந்து சாயங்காலம் போய்விடுபவர்களுக்கு. இரவு அங்கே தங்குபவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது. கட்டணத்தால் கூட்டம் குறையுமா என்பது வேறு விஷயம், ஆனால் தங்குபவரையும் தொட்டுவிட்டுப் போகிறவரையும் ஒரு ஊர் வேறாகப் பார்க்கிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. விமானமும் அப்படித்தான். மூன்று நாள் தங்கினாலும் மூன்று வாரம் தங்கினாலும் போய்வர எரியும் எரிபொருள் ஒன்றே. வருடத்துக்கு நான்கு முறை பறந்த நான் இப்போது ஒருமுறை பறக்கிறேன், நிறைய நாள் தங்குகிறேன், உள்ளே ரயிலிலும் பேருந்திலும் போகிறேன்.

நேரம் இருந்தால் கேட்கவும் முடிகிறது. எடுக்கலாமா, இங்கே உட்காரலாமா, இந்தப் பாதை யாருடையது. ஜப்பானில் கியோட்டோ நகரின் கியோன் பகுதியில் 2024-ல் தனியார் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழையக்கூடாது என்று பலகை வைத்தார்கள். வேலைக்குப் போகும் கெய்ஷா என்ற பாரம்பரிய ஆடல் பாடல் கலைஞர்களைப் பின்தொடர்ந்து ஓடி ஓடிப் படம் எடுத்ததன் விளைவு. வேலைக்குப் போகிற வழியில் முன்பின் தெரியாத முப்பது பேர் உங்கள் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டினால் எப்படி இருக்கும்? ஒரு நாள் இல்லை, தினமும்.

பெஞ்சில் உட்காரும் அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன் இல்லையா. நான்காம் நாள் கேமரா இல்லாமல் போய், இந்த ஊர் மொழியில் நான் கற்றுக்கொண்ட வணக்கத்தைச் சொன்னேன். உச்சரிப்பைத் திருத்தினார். மறுநாளும் திருத்தினார். ஆறாம் நாள் நகர்ந்து இடம் கொடுத்தார். நேற்று, தன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பழைய மரம் இருக்கிறது, நாளை காலையில் வந்து பார் என்று சைகையும் பாதி வார்த்தையுமாகச் சொன்னார். படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

அந்த நாளைதான் இன்று. காலையில் போய்விட்டு வந்துதான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். மரத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கேமரா இதோ, இந்த மேசைமேலேயே இருந்தது.