மூணு கிலோவாட் சோலார்: இ.பி. பில்லைப் பார்க்காமல் மாடியைக் கொடுக்காதீர்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கோபத்தோடுதான் வந்திருக்கிறேன், கொஞ்சம் சந்தோஷமும் இருக்கிறது. சோலார் போடலாமா வேண்டாமா என்று நீங்கள் எல்லாரும் ஏசி வீடியோவுக்குக் கீழே கேட்டுக்கொண்டே இருந்தீர்கள் இல்லையா, முடிவு எடுத்துவிட்டேன், எங்கள் வீட்டில் போடுகிறோம். ஆனால் அந்த முடிவு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. உங்கள் வீட்டு இ.பி. கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

முதலில் கோபத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். கொட்டேஷன் கொடுக்க வந்தவர் எங்கள் அம்மாவிடம், "போட்டுவிட்டால் பில் ஜீரோ, கரண்ட் கட்டும் கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். இரண்டாவது பாதி அப்பட்டமான பொய். வீட்டுக்குப் பொதுவாகப் போடுவது ஆன்-கிரிட் சிஸ்டம், அதாவது தெரு லைனோடு சேர்ந்தே ஓடுவது. தெருவில் கரண்ட் போனால் அந்த இன்வெர்ட்டரும் அந்த நொடியே நின்றுவிடும், வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி. காரணம் நியாயமானது. லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது நம் வீட்டிலிருந்து லைனுக்குக் கரண்ட் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. கட் ஆகும்போதும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு ஹைபிரிட் போட வேண்டும், செலவு அது வேறு கணக்கு. வயதானவர்களிடம் இதை மறைத்துக் கையெழுத்து வாங்குவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஐந்நூறைத் தாண்டினால் அந்த 2.35 போய்விடும், 101-லிருந்தே 4.70 தான். 500-க்கு மேல் போகிற யூனிட்டுக்குப் படிப்படியாக 8.40, 9.45, 10.50, ஆயிரத்தைத் தாண்டினால் 11.55. இது 2024 ஜூலையில் ஏற்றியபோது வந்த ரேட். ஆக, 400 யூனிட் ஓடும் வீடு கட்டுவது 1,175 ரூபாய், 1,000 யூனிட் ஓடும் வீடு கட்டுவது 6,870 ரூபாய். யூனிட் இரண்டரை மடங்கு, பணம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு! சோலார் லாபமா நஷ்டமா என்ற கேள்விக்குப் பதில் பேனலில் இல்லை, யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் இந்த ஸ்லாபில்தான் இருக்கிறது. சோலார் முதலில் கழிப்பது உச்சியில் இருக்கிற விலை உயர்ந்த யூனிட்டை.

சென்னை வெயிலில் ஒரு கிலோவாட்டுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு யூனிட் வரும். மூணு கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 700 யூனிட். மே மாதம் வெயில் கொளுத்துவதால் அள்ளிக் கொட்டும் என்று நினைக்காதீர்கள், பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை போகும், நம் மொட்டை மாடியில் மதியம் பேனல் 60 டிகிரியைத் தொடும். அதற்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் குறையும். வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இரண்டு ஏசி, மோட்டார், மாடியில் குடியிருக்கும் தம்பி குடும்பம், எல்லாம் ஒரே மீட்டர். வருஷச் சராசரி 800 யூனிட் பக்கம், பில் 4,770. சோலார் 700-ஐக் கழித்தால் மிச்சம் இலவச 100-க்குள் போய்விடும். மழை மாதங்களுக்குத் தள்ளுபடி போட்டாலும் வருஷத்துக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சம். கொட்டேஷன் 2,10,000. மத்திய அரசின் சூரிய கர் திட்டத்தில் மூணு கிலோவாட்டுக்கு 78,000 மானியம். அதாவது முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எத்தனை போட்டாலும் அவ்வளவுதான். நம் கையிலிருந்து 1,32,000. ஐந்து வருஷத்தில் முதல் திரும்பிவிடும், பேனலுக்கு 25 வருஷ உற்பத்தி வாரண்டி இருக்கிறது. நடுவில் ஒரு முறை இன்வெர்ட்டர் மாற்ற வேண்டி வரும், அதைப் போட்டாலும் லாபம்தான். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது.

பெரம்பூரில் இருக்கும் எங்கள் அக்கா வீட்டில் 400 யூனிட்தான். வருஷம் முழுக்கக் கட்டுவதே 7,050. முழுதாக மிச்சமானாலும் 1,32,000 திரும்ப 18 வருஷம் தாண்டிவிடும். வேண்டாம் அக்கா என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தை பேங்கில் போட்டால் வரும் வட்டியிலேயே பில் கட்டிவிடலாம்.

இப்போது அந்த ஸ்ட்ரக்சர் கதை, பேனலைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டம். கேளுங்கள், இதுதான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை. கொட்டேஷனில் "ஸ்டாண்டர்ட் ஸ்ட்ரக்சர்" என்று ஒரு வரி. ஸ்டாண்டர்ட் என்றால் எத்தனை அடி? தரையிலிருந்து இரண்டு அடி! மூணு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 300 சதுர அடி போகும், எங்கள் மாடியில் நல்ல வெயில் விழும் இடமே அவ்வளவுதான். அப்போது அம்மா வடகம் எங்கே போடுவார், துணி எங்கே காயும், கீழே எப்படிக் குனிந்து பெருக்குவது? எட்டு அடிக்கு உயர்த்துங்கள் என்றால் தனியாக 28,000 கேட்கிறார். இரண்டு அடி உயரத்தில் எந்தக் குடும்பம் மாடியைப் புழங்கும்? முதல் பேச்சிலேயே சொல்லியிருக்க வேண்டாமா? அந்த 28,000 சேர்ந்தால் முதல் திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போகிறது, மானியமும் அதற்காக ஒரு பைசா ஏறாது. நான் விடவில்லை. பேசிப் பேசி 19,000-க்கு இறக்கினேன், அதுவும் ஹாட்-டிப் கால்வனைஸ்டு இரும்பு (துருப்பிடிக்காமல் இருக்க உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது), எழுத்தில். அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்தபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

உயர்த்தினால் காற்றும் பிடிக்கும், அதை மறந்துவிடாதீர்கள். 2016 டிசம்பரில் வர்தா மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்தது ஞாபகம் இருக்கும், எங்கள் தெருவில் மரமே மிச்சமில்லை. அதனால் கால்களைத் தளத்தில் எப்படிப் பொருத்துகிறார்கள், ஓட்டை போட்டால் தண்ணீர் இறங்காமல் எப்படி அடைக்கிறார்கள் என்று கேளுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் போல்ட் நட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள், உப்புக் காற்று தின்றுவிடும்.

ஆ, ஒன்று விட்டுப்போனது, நிழல். தண்ணீர் டேங்க் நிழல் காலை ஒன்பது மணிக்கு ஒரு பேனல் மேல் விழுந்தால் ஒரு பேனலோடு போகாது, அதே வரிசையில் கோத்திருக்கிற மற்றவற்றின் உற்பத்தியும் குறையும். பக்கத்து மனையில் நாளைக்கு நான்கு மாடி எழும்புமா என்றும் பாருங்கள். பேனல் தெற்கு பார்த்து, சுமார் 13 டிகிரி சாய்வில் இருப்பது நம் ஊருக்குச் சரி.

இன்வெர்ட்டரைக் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டினால் ஒயர் மிச்சம் என்று கொட்டேஷன்காரர் சொன்னார். முடியவே முடியாது என்றேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது மடிப்பாக்கத்தில் எங்கள் தரைத்தளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று அந்த வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். மாடிப்படி ஹெட்ரூமில், வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லிவிட்டேன்.

மானியம் பற்றி இன்னொன்று. அது வேலை முடிந்து, நெட் மீட்டர் (நாம் லைனுக்குக் கொடுத்ததையும் லைனிலிருந்து எடுத்ததையும் சேர்த்துக் கணக்கு வைக்கும் மீட்டர்) மாட்டிய பிறகு நம் பேங்க் கணக்குக்கு வரும். அதுவரை முழுப் பணமும் நாம்தான் போட்டிருக்க வேண்டும். நான் கடனில் எதையும் வாங்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும், சீட்டுப் பணத்தைத்தான் எடுக்கிறேன். பேனல் செல்லோடு சேர்த்து இந்தியாவில் செய்ததாக இருந்தால்தான் மானியம், பில்லில் அதற்கு அடையாளமாக டி.சி.ஆர். என்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. பழைய ரேட்டில் யாராவது கொட்டேஷன் நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

எட்டு அடி ஸ்ட்ரக்சருக்கு உங்கள் ஏரியாவில் எவ்வளவு கேட்டார்கள் என்று கமெண்டில் போடுங்கள், ஏரியா பெயரோடு. 19,000-க்குக் கீழே யாராவது முடித்திருந்தால் எனக்குக் கட்டாயம் தெரிந்தாக வேண்டும், அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை.