பால் பல்லும் தொப்புள்கொடியும்

நேயர்களுக்கு வணக்கம். நான் குழந்தை மருத்துவர். ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். தானே விழட்டும் என்பேன். விழுந்த பல் ஒன்றுக்கும் உதவாது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் பிறந்ததிலிருந்து அந்தக் குழந்தையின் உடம்புக்குள் என்னென்ன போயிற்று என்பதற்கு அந்தப் பல்லில் தடயம் உண்டு.

1970களில் ஹெர்பர்ட் நீடில்மன் என்ற அமெரிக்க மருத்துவர், பாஸ்டன் நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஊர்களில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விழுந்த பால் பற்களைச் சேகரித்தார். 2,000க்கு மேல் சேர்ந்தன. அவர் தேடியது ஈயம்; அன்று பெட்ரோலிலும் பெயிண்ட்டிலும் கலந்திருந்த நச்சு உலோகம். ரத்தத்தில் ஈயம் வெகுநாள் தங்காது. பல்லிலும் எலும்பிலும் படிந்தால் வருடக்கணக்கில் இருக்கும். அந்தப் பிள்ளைகள் எல்லாருமே பார்வைக்கு நல்ல ஆரோக்கியமாக இருந்தவர்கள். அவர்கள் வகுப்பில் எப்படி என்று ஆசிரியர்களிடம் கேட்டார். யார் பல்லில் எவ்வளவு ஈயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது. பல்லில் ஈயம் கூடக் கூட, ‘கவனம் சிதறுகிறது’, ‘சொன்னதைச் செய்ய முடியவில்லை’ என்ற பதில்களும் கூடின. அறிவுத்திறன் சோதனையிலும் ஈயம் அதிகமிருந்த பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்தது. 1979இல் இந்த ஆய்வு வெளிவந்தது. படிப்பு ஏறாதவன், அடங்காதவள் என்று பேர் வாங்கிய எத்தனை பிள்ளைகள் உண்மையில் பெட்ரோல் புகையையும் பெயிண்ட் தூசியையும் சுமந்தவர்களோ! நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

ஏன் குழந்தைக்கு மட்டும் இவ்வளவு பாதிப்பு? உடம்புக்கு ஈயமும் கால்சியமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. வளர்கிற உடம்பு கால்சியத்துக்கு ஏங்குகிறது; அந்த ஏக்கத்தில் ஈயத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தில், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தையின் உடம்பு உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்புறம், குழந்தை வாழ்வதே தரையில். தவழும், தூசியைத் தொடும், கையை வாயில் வைக்கும். எடைக்கு எடை பார்த்தால் நம்மைவிட அதிகக் காற்றையும் இழுக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், மூளை அப்போதுதான் தன்னைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கட்டி முடித்த வீட்டில் ஒரு செங்கல் பழுதானால் மாற்றலாம். அஸ்திவாரம் போடும்போதே பழுதானால்?

அந்த அஸ்திவாரம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். அங்கே ஒரு ரசாயனத் தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீனைத் தின்ற பூனைகள் துடித்துச் செத்தன. பிறகு மனிதர்கள் கைகால் நடுங்கி விழுந்தார்கள். 1956இல்தான் அதை ஒரு நோயென்று பதிவு செய்தார்கள். அந்த ஊரில் சில குழந்தைகள் பிறவியிலேயே அதே மாதிரி முடங்கியிருந்தார்கள். தாய்க்கோ பெரிதாக ஒன்றும் இல்லை. நஞ்சுக்கொடி விஷத்தைத் தடுத்துவிடும் என்று அக்கால மருத்துவம் நம்பியது. மசசுமி ஹரடா என்ற மருத்துவர் அந்தத் தாய்மாரின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது ஜப்பானியர் வழக்கம். பின்னாளில் அந்தக் கொடிகளைச் சோதித்தபோது அவற்றில் பாதரசம் இருந்தது. தாயின் உடம்பில் சேர்ந்தது கருவுக்குப் போயிருந்தது.

இதைக் கேட்டு எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கடலில் கழிவைக் கொட்டியவள் அவள் அல்ல. பெட்ரோலில் ஈயத்தைக் கலந்தவளும் அவள் அல்ல. உலகத்தில் கடைசியாக அந்த பெட்ரோல் விற்ற நாடு அல்ஜீரியா. அங்கே நின்றது 2021இல். அத்தனை காலம் எடுத்தது என்பதுதான் வெட்கம்.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தரையை ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பம் தூசியைக் கிளப்பிவிடும். சாப்பிடுமுன் குழந்தையின் கையைக் கழுவுங்கள். பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போது கர்ப்பிணியும் குழந்தையும் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. இரும்புச்சத்தும் கால்சியமும் குறையாமல் கொடுங்கள். அவை குறைந்தால் ஈயம் எளிதாக உள்ளே ஏறும். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்; அண்மையில் ஈயம் உள்ளே போயிருந்தால் தெரிந்துவிடும்.

ஆனால் காற்றை ஒரு வீடு மட்டும் சுத்தம் செய்ய முடியாது. தெற்கு கலிபோர்னியாவில் 1990களின் நடுவிலிருந்து, மூன்று வெவ்வேறு காலகட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியை அளந்தார்கள். இடையில் வாகனங்களுக்கும் ஆலைகளுக்கும் விதிகள் கடுமையாகி, காற்று தெளிந்திருந்தது. 15 வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்தவர்கள் முதல் தொகுதியில் 100க்கு ஏறக்குறைய 8 பேர். கடைசித் தொகுதியில் 4 பேர்கூட இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை.