மஞ்சளே காட்டாத காமாலை

நேயர்களுக்கு வணக்கம்.

கண் மஞ்சளானால் நம் வீடுகளில் முதலில் தேடுவது கீழாநெல்லியை. வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். சின்ன வயதில் என் பாட்டி எனக்கும் கொடுத்தார். பத்தியமும் இருந்தேன், கண்ணும் தெளிந்தது. மருத்துவம் படித்த பிறகுதான் புரிந்தது, எனக்கு வந்தது அநேகமாக ஹெபடைடிஸ் ஏ என்ற வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி. ஒன்றும் கொடுக்காவிட்டாலும் அது போயிருக்கும்.

மஞ்சள் காமாலை என்பது நோயின் பெயரே இல்லை. அது ஓர் அடையாளம். பித்தநீரோடு வெளியேற வேண்டிய பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ரத்தத்தில் தேங்கினால் கண் மஞ்சளாகும். பித்தக்குழாயில் கல் அடைத்தாலும் ஆகும், குடியால் கல்லீரல் கெட்டாலும் ஆகும். வைரஸால் வருவதிலேயே ஏ, பி, சி, டி, இ என ஐந்து வகை. ஐந்தும் கல்லீரலுக்குத்தான் போகின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று உறவில்லாத வைரஸ்கள். அதனால் உங்களுக்குக் காமாலை என்றால், "எந்தக் காமாலை?" என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஏ வகையும் இ வகையும் வாய் வழியாக வருபவை. மலம் கலந்த தண்ணீர், அந்தத் தண்ணீர் பட்ட உணவு, இவைதான் வழி. 1955இல் டெல்லியில் நடந்ததைக் கேளுங்கள். யமுனையில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, நகரத்துச் சாக்கடை கலந்த தண்ணீர் வஜிராபாத்தில் குடிநீர் எடுக்கும் இடம் வரை வந்துவிட்டது. வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளோரின் போட்டார்கள். வாந்திபேதியும் டைபாய்டும் பெருகவில்லை. சரி, தப்பித்தோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் சில வாரங்கள் கழித்து ஏறத்தாழ 29,000 பேருக்குக் கண் மஞ்சளாயிற்று. அந்த வைரஸ் குளோரினைத் தாண்டி வந்திருந்தது. ஏ வகை என்றே வெகுகாலம் நம்பினார்கள். சேமித்து வைத்திருந்த பழைய ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோதுதான் அது ஏ இல்லை என்று தெரிந்தது. இன்று அதை இ வகை என்கிறோம்.

இந்த இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். ஆனால் கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், இ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து. அவர்களை ஒருநாளும் பத்தியம் போட்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

பி வகையும் சி வகையும் வேறு மாதிரி. ரத்தம் வழியாகப் பரவும்: சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் ஊசி, அடுத்தவர் பயன்படுத்திய சவர பிளேடு. பி உடலுறவிலும் பரவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். பலருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. இரண்டாவது பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணிடம் பி இருக்கிறது என்று சொன்னேன். "எனக்குக் காமாலையே வந்ததில்லையே, டாக்டர்" என்றார். உண்மைதான், வந்ததே இல்லை. அவருடைய குழந்தைக்குப் பிறந்த அன்றே தடுப்பூசியும், வைரஸை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டோம். பெரியவர்களுக்குப் பி தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடலே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பிள்ளைகளிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். கல்லீரல் சுருக்கமும் புற்றுநோயும் பல வருஷம் கழித்து வரலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மறுபடி கீழாநெல்லிக்கு வருகிறேன், அதை விட மனசில்லை. பி வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். பி வைரஸ் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் பத்துக்கு ஆறு பேர் என்ற கணக்கில் வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் இது வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அப்புறம் மற்றவர்கள் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. வருத்தம்தான். ஆனாலும் பாட்டி சொன்னதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று இறங்கினார்களே, அதுதான் சரியான வழி. ஒருவருக்குச் சரியானதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஏ வகை வந்தவர் எதைக் குடித்தாலும் பெரும்பாலும் தேறிவிடுவார். பி இருப்பவர் அதே மோரைக் குடித்துவிட்டு, குணமாயிற்று என்று பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுவார்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சி வகையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதற்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம். டி வகை பி இருப்பவரிடம் மட்டுமே ஒட்டும், ஆகவே பி தடுப்பூசியே அதற்கும் போதும். பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம். வீட்டில் ஒருவருக்குப் பி இருந்தால் மற்றவர்களும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், கண் வெள்ளையாக இருந்தாலும். நன்றி, வணக்கம்.