பியூரெட் பிடிக்கப்போகும் பிள்ளைகளுக்கு

வணக்கம் நேயர்களே. பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன் நான். பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்காக, டைட்ரேஷன் (ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டறியும் சோதனை) மேசையில் இருக்கும் மூன்றைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: குறிப்பிட்ட அளவு கரைசலை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட், துளித்துளியாக விடும் அளவுக்குழாயான பியூரெட், இரண்டு கரைசலும் சேரும் கூம்புக் குடுவை. நம் சோதனையில் ஆக்சாலிக் அமிலம் பிப்பெட் வழியாகக் குடுவைக்குப் போகும், பொட்டாசியம் பெர்மாங்கனேட் பியூரெட்டில் இருக்கும்.

பீக்கரிலும்தான் கோடு போட்டிருக்கிறதே, அதில் அளந்தால் என்ன? மாணவர்கள் கேட்கும் நல்ல கேள்வி இது. பீக்கரின் கோடு தோராயமானது. 5 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். பிப்பெட்டின் கழுத்து குறுகலானது. ஒரு துளி கூடினாலும் மட்டம் ஏறியது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நுனியில் தங்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளாதீர்கள். அது தங்கும் என்று கணக்கிட்டுத்தான் கோடே போட்டிருக்கிறார்கள். நுனியைக் குடுவையின் உட்சுவரில் தொட்டு எடுத்தால் போதும். வாயால் உறிஞ்சவே கூடாது. ரப்பர் பல்பு கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், கழுவுவது. பல பிள்ளைகள் மனப்பாடமாகச் செய்யும் வேலை இது. காரணம் தெரிந்தால் மறக்காது. பியூரெட்டையும் பிப்பெட்டையும் தண்ணீரில் கழுவிய பிறகு, அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே ஒருமுறை அலச வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கரைசலின் செறிவைக் குறைத்துவிடும் அல்லவா? கூம்புக் குடுவைக்கு இது நேர்மாறு. அதைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும்தான் கழுவ வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தால் அலசி, உள்ளே அரை மில்லி தங்கிவிட்டால், பிப்பெட்டில் கவனமாக எடுத்த 20 மில்லி 20.5 ஆகிவிடும். ஆனால் குடுவையில் தண்ணீர் தங்கினால் பாதகமில்லை, உள்ளே போன அமிலத்தின் அளவு மாறுவதில்லை.

எர்லன்மேயர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1860-களில் அறிமுகப்படுத்தியது இந்தக் கூம்புக் குடுவை. அடி அகலம், வாய் குறுகல். அதனால்தான் ஒரு கையால் சுழற்றிக் கலக்கினாலும் சிந்துவதில்லை.

பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை நிரப்பியதும் புனலை எடுத்துவிடுங்கள். அதிலிருந்து நடுவில் ஒரு துளி சொட்டினால் அளவு தவறிவிடும். குழாய் நுனியில் காற்றுக்குமிழி இருந்தால் திறந்துவிட்டு வெளியேற்றுங்கள். நிறமற்ற கரைசலுக்குக் கீழ்வளைவை, அதாவது குழாய்க்குள் குழிந்து நிற்கும் பரப்பின் அடிப்புள்ளியைப் பார்க்கிறோம். பெர்மாங்கனேட்டின் அடர் ஊதாவில் கீழ்வளைவு தெரியாது, மேல் மட்டத்தைத்தான் படிக்க வேண்டும். கண் அதே உயரத்தில் இருக்கட்டும்.

குடுவையில் உள்ள ஆக்சாலிக் அமிலத்தோடு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரி வரை சூடாக்கித் தொடங்குங்கள். முதல் துளிகளின் நிறம் மறைய நேரமாகும். பதறி அதிகமாக ஊற்றிவிடாதீர்கள். வினையில் உருவாகும் மாங்கனீசு அயனியே வினையை முடுக்கிவிடும், அப்புறம் நிறம் சட்டென்று மறையும். இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால், அதுதான் முடிவு.

வேலை முடிந்ததும் பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டிலேயே விட்டுப் போகாதீர்கள். மாங்கனீசு டை ஆக்சைடு பழுப்புக் கறையாகப் படிந்துவிடும், வெறும் தண்ணீருக்கு அது போகாது. அப்படிப் படிந்துவிட்டால், அமிலம் கலந்த ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கொஞ்சம் ஊற்றி அலசுங்கள். கறை கரைந்து, அடுத்த பிள்ளைக்குப் பியூரெட் பளிச்சென்று கிடைக்கும். நன்றி, வணக்கம்.