பற்றரி இல்லாமல் பதில் சொல்லும் பளிங்கு

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டை மாடியில் இருந்து பேசுகிறேன். கடல் இரைச்சல் கேட்கும், நடுவில் கரையோர ரயிலும் போகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஓர் இரவு பத்து மணிக்குக் கரண்ட் போனது. தெரு முழுக்க வெளிச்சம், எங்கள் கட்டடம் மட்டும் இருட்டு. கீழே போய் மெயின் பெட்டியைத் திறந்தால், செப்புப் பட்டை ஒன்றின் மூட்டு கருகியிருக்கிறது, பக்கத்து வயரின் உறை உருகி வழிந்திருக்கிறது. காரணம் தளர்ந்துபோன ஒரு போல்ட்.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். தளர்ந்த மூட்டின் தடை ஒரு மில்லி ஓம் என்று வையுங்கள். அதில் 200 அம்பியர் ஓடினால் 40 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சோல்டரிங் அயனை அந்தப் போல்ட்டோடு சேர்த்துக் கட்டி, இரவு பகலாக எரியவிட்டது போல. சூடேறினால் ஒட்சைட்டு படியும், அதனால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடு. மூடிய கதவுக்குப் பின்னால் மாதக்கணக்கில் இது நடந்திருக்கும், யாருக்கும் தெரியாது.

எங்கள் பெட்டிக்கு வருடம் ஒரு தடவை வெப்பக் கமராவால் பார்த்து போல்ட்டை இறுக்கினாலே போதும். ஆனால் 11,000 வோல்ட் ஓடும் பெட்டிகளும் இருக்கின்றன. அவற்றை நினைத்த நேரத்தில் திறக்க முடியாது. உள்ளே வெப்பமானி வைத்து வயர் இழுத்தால், அந்த வயர் வழியாகவே உயர் மின்னழுத்தம் வெளியே வரப் பார்க்கும். பற்றரி வைத்தால் அந்தச் சூட்டில் அது சீக்கிரம் செத்துவிடும், மாற்ற வேண்டுமென்றால் மறுபடி எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். இந்த இடத்துக்கென்றே பிறந்தது போல ஒரு சென்சர் இருக்கிறது. மேற்பரப்பு ஒலி அலை சென்சர், தொழிலில் இருப்பவர்கள் சுருக்கமாக 'சோ' (SAW) என்பார்கள். வயர் இல்லை, பற்றரி இல்லை, உள்ளே சிப் கூட இல்லை.

இருப்பதெல்லாம் ஒரு சின்னப் பளிங்குத் துண்டு, அதாவது கிரிஸ்டல், பெரும்பாலும் குவார்ட்ஸ் அல்லது லிதியம் நையோபேட். இந்தப் பளிங்குகளுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் நெளியும், நெளித்தால் மின்னழுத்தம் தரும். அதன் மேல் இரண்டு சீப்புகளைப் பல்லோடு பல் கோத்து வைத்தது போல மெல்லிய உலோகக் கோடுகள். திண்மப் பொருளின் தோலோடு மட்டும் ஓடும் அலை ஒன்று உண்டு என்று ரேலி பிரபு 1885இலேயே கணித்துச் சொன்னார். நிலநடுக்கத்தில் தரையை உருட்டிக்கொண்டு போகிறதே, அதுதான். அந்த அலையைப் பளிங்கின் மேல் சீப்புக் கோடுகளால் எழுப்பலாம் என்று 1965இல் வைட், வோல்ட்மர் என்ற இருவர் கலிபோர்னியாவில் காட்டினார்கள்.

இனி வேலை நடக்கும் விதம். வெளியே நிற்கும் வாசிப்புக் கருவி ஒரு ரேடியோத் துடிப்பை அனுப்பும், வழக்கமாக 433 மெகாஹேர்ட்ஸ் பக்கம். சென்சரின் அன்ரனா அதை வாங்கிச் சீப்புக்குக் கொடுக்கும். சீப்பு அதை ஒலி அலையாக்கிப் பளிங்கின் மேல் ஓடவிடும். கொஞ்சத் தூரத்தில் இருக்கும் தெறிப்புக் கோடுகளில் பட்டு அலை திரும்பி வரும், சீப்பு அதை மறுபடி ரேடியோவாக்கி வெளியே அனுப்பிவிடும். கேட்டவரின் சக்தியாலேயே பதில் சொல்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அந்த அலையின் மெதுவான நடைதான். ஒரு மைக்ரோசெக்கனில் ரேடியோ அலை 300 மீற்றர் போய்விடும். லிதியம் நையோபேட்டில் ஒலி போவது மூன்றரை மில்லிமீற்றர். அதனால் இரும்புப் பெட்டியின் சுவர்களில் மோதித் திரும்பும் வீண் எதிரொலிகள் எல்லாம் அடங்கிய பிறகுதான் சென்சரின் பதில் வரும். சந்தடி ஓயும்வரை காத்திருந்து பேசுகிற ஆள் மாதிரி.

வெப்பநிலை எப்படித் தெரியும்? சூடானால் பளிங்கு விரியும், அலையின் வேகமும் மாறும். லிதியம் நையோபேட்டில் ஒரு பாகைக்கு பத்து லட்சத்தில் ஏறக்குறைய 94 பங்கு தாமதம் கூடுகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு மைக்ரோசெக்கன் பயணத்துக்குள் அலை எண்ணூறுக்கு மேற்பட்ட சுற்றுகள் சுற்றிவிடுகிறது. கணக்குப் போட்டால், ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது அலையின் அவத்தை, அதாவது ஒரு சுற்றுக்குள் அது நிற்கும் இடம், கிட்டத்தட்ட 30 பாகைக் கோணம் திரும்பும். மணிக்கூட்டின் நிமிட முள் ஐந்து நிமிடம் நகர்வதற்குச் சமம். யாரும் கவனிக்கக்கூடிய அளவு! தெறிப்புக் கோடுகளை இரண்டு இடத்தில் வைத்து வித்தியாசத்தை எடுத்தால், கருவி எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் கணக்கில் இருந்து கழிந்துவிடும்.

இன்னொரு வகையில் அலை இரண்டு பக்கத் தெறிப்புகளுக்கு நடுவே கோயில் மணி போலச் சிறிது நேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். கயிற்றை விட்ட பிறகும் மணி கேட்கும் இல்லையா, அந்த ஓசையின் மீடிறனில் (ஒரு செக்கனுக்கு எத்தனை அதிர்வு என்பதில்) இருந்து சூடு தெரியும். ஒவ்வொரு மூட்டுக்கும் வேறு வேறு சுருதி கொடுத்தால் ஒரே கருவி எல்லாவற்றையும் கேட்கும். குறையையும் சொல்ல வேண்டும்: தூரம் சில மீற்றர்தான், அன்ரனாவைச் சரியான இடத்தில் வைக்காவிட்டால் எதுவும் கேட்காது.

சரி, கையில் இருப்பதைக் காட்டுகிறேன். வேண்டிய மீடிறன்களை மட்டும் கடத்தும் ஃபில்டராகவும் இதே சீப்புப் பளிங்கு ரிவிக்குள் இருக்கும். அதற்காகப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழைய ரிவி போர்ட் இரண்டு வாங்கினேன். "நானா, இதில் சோ ஃபில்டர் இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்டதும், "அஞ்சு காலோட இருக்குமே தம்பி, அதுதான்" என்று தொட்டுக் காட்டிவிட்டார். பெட்டி ரிவி வைத்திருந்த பலர் வீட்டிலும் இந்தப் பளிங்கு இருந்திருக்கிறது, அப்போது நமக்குத் தெரியாது. ஒன்றை உடைத்துத் திறந்தேன். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், சாம்பல் நிறத் துண்டின் மேல் மயிரிழை போன்ற கோடுகள். சாய்த்தால் வானவில் நிறம் ஓடுகிறது. 433 மெகாஹேர்ட்ஸ் சென்சரில் ஒரு கோட்டின் அகலம் இரண்டு மைக்ரோமீற்றர்தான், இந்த லென்ஸில் தெரியாது.

உடைக்காத மற்றதைச் சின்ன அளவீட்டுக் கருவி ஒன்றில் வயரால் இணைத்திருக்கிறேன். அன்ரனாவோடு செய்வது அடுத்த வீடியோவில். திரையில் மேசை போல இருக்கிறதே, அது ஃபில்டர் கடத்தும் பகுதி, 38 மெகாஹேர்ட்ஸ் பக்கம். இப்போது ஃபில்டரை இந்தச் சூடான பிளேன்டி கிளாஸில் ஒட்டி வைக்கிறேன். விளிம்பைப் பாருங்கள்... இடப்பக்கம் நகர்கிறது. 20, 50... கிட்டத்தட்ட 80 கிலோஹேர்ட்ஸ் இறங்கிவிட்டது. கிளாஸை எடுக்கிறேன். இதோ, ஆற ஆறத் திரும்ப வலப்பக்கம் வருகிறது.