தரையைப் பார்த்து நடக்க வேண்டிய நகரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பாரிஸையும் ரோமையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றி வரலாம். அங்குள்ள கோபுரங்களும் மாளிகைகளும் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்ளும். பெர்லினில் அது நடவாது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் நகரின் நடுப்பகுதி பெரிதும் அழிந்ததாலும், பிறகு 28 ஆண்டுகள் ஒரு சுவர் அந்நகரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்து நின்றதாலும், நாம் அங்கு அறிய வேண்டியவற்றுள் பல இன்று இல்லாமற்போனவை; எஞ்சியவற்றுள் பல நம் காலடியில் கிடப்பவை. ஆகவே, பெர்லினுக்குச் செல்பவர்கள் முதல் நாளிலேயே ஒரு வழிகாட்டியுடன் நடந்து நகரைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தகைய நடை உலாக்களுள் பல பிராண்டன்பர்க் வாயிலருகே தொடங்குகின்றன. 1791இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த வாயிலின் உச்சியிலுள்ள நான்கு குதிரைத் தேரை நெப்போலியன் 1806இல் பாரிசுக்குக் கொண்டுபோனதையும், 1814இல் அது திரும்பி வந்ததையும் வழிகாட்டி சொல்வார். அதைக் கேட்டபின் வாயிலின் மேற்குப் பக்கம் வந்து தரையைப் பாருங்கள். சாலையின் குறுக்கே இரண்டு வரிசையாகக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். 1961 ஆகஸ்ட் 13 அன்று அடைக்கப்பட்டு, 1989 நவம்பர் 9 அன்று திறந்த எல்லையில் அந்தச் சுவர் நின்ற தடம் அது. வாகனங்கள் அதன்மேல் ஓடிக்கொண்டிருக்கின்றன. சொல்ல ஆளில்லையென்றால் நாமும் தாண்டிப் போய்விடுவோம்.

சற்றுத் தெற்கே, ஹிட்லரின் நாஜி ஆட்சியில் கொலையுண்ட யூதர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. பீட்டர் ஐசன்மன் வடிவமைத்து 2005இல் திறக்கப்பட்ட அவ்விடத்தில் 2,711 கான்கிரீட் பாளங்கள் நிற்கின்றன. அவற்றில் பெயரோ எழுத்தோ கிடையாது. தெருவிலிருந்து பார்த்தால் அவை முழங்கால் உயரம்தான். உள்ளே நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போக, பாளங்கள் தலைக்கு மேல் உயர்ந்து, உடன் வந்தவர்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். நல்ல வழிகாட்டிகள் இங்கே விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டு, நம்மைத் தனியே உள்ளே அனுப்புகிறார்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் குடியிருப்புகளை ஒட்டிச் சாதாரணமான ஒரு வாகன நிறுத்துமிடம் வருகிறது. ஹிட்லர் 1945 ஏப்ரல் 30 அன்று தற்கொலை செய்துகொண்ட நிலவறை அதன் அடியில்தான் இருந்தது. 2006இல் வைக்கப்பட்ட ஓர் அறிவிப்புப் பலகையைத் தவிர அங்கு வேறெதுவும் இல்லை. அவ்விடம் யாருக்கும் வழிபாட்டுத் தலமாகிவிடக் கூடாது என்பதில் காட்டிய கவனத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இந்த உலாவில் என்னை அதிகம் நிற்க வைத்தது, பலர் விரைந்து கடந்துவிடும் நிதி அமைச்சகக் கட்டடம். நாஜிக் காலத்தில் ஹிட்லரின் அமைச்சர் கோரிங்கின் விமான அமைச்சகமாகக் கட்டப்பட்டு, குண்டுவீச்சுக்குத் தப்பிய அக்கட்டடத்தில்தான் 1949இல் கிழக்கு ஜெர்மனி அரசு நிறுவப்பட்டது. அதன் சுவரில் மாக்ஸ் லிங்னர் தீட்டிய பீங்கான் ஓவியத்தில் தொழிலாளர்கள் சிரித்த முகத்துடன் அணிவகுத்துச் செல்கிறார்கள். 1953 ஜூன் 17 அன்று, உயர்த்தப்பட்ட வேலை அளவை எதிர்த்து உண்மையான தொழிலாளர்கள் இதே கட்டடத்தின் முன் திரண்டார்கள். அந்த எழுச்சியைச் சோவியத் டாங்குகள் அடக்கின. அன்று கைகோத்து வந்தவர்களின் புகைப்படம் ஒன்று பெரிதாக்கப்பட்டு, அந்த ஓவியத்துக்கு முன்னாலேயே கண்ணாடியின் கீழ்த் தரையில் பதிக்கப்பட்டிருக்கிறது. அரசு காட்ட விரும்பிய மக்கள் சுவரிலும், அரசை எதிர்த்து வந்த மக்கள் தரையிலுமாக எதிரெதிரே இருக்கிறார்கள்.

அடுத்து, கிழக்கு, மேற்கு பெர்லின்களுக்கிடையே எல்லைக் கடப்பிடமாக இருந்த செக்பாயிண்ட் சார்லி வரும். அங்கு இப்போதுள்ள காவல் சாவடி அசலானதன்று, மாதிரி மட்டுமே. அதிக நேரம் செலவிட வேண்டாம்.

பேபல் சதுக்கத்தில் 1933 மே 10 அன்று நாஜிகள் வெறுத்த ஏறத்தாழ 20,000 நூல்கள் எரிக்கப்பட்டன. எரித்தவர்களுள் மாணவர்களும் இருந்தார்கள் என்பதும், எதிரிலேயே பல்கலைக்கழகம் நிற்கிறது என்பதும் மனத்தை வருத்துபவை. மிகா உல்மன் 1995இல் அமைத்த நினைவிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. ஒரு கண்ணாடியின் வழியே குனிந்து பார்த்தால், அத்தனை நூல்களும் அடங்கக்கூடிய வெண்ணிற அலமாரிகள் வெறுமையாகத் தெரிகின்றன. பகல் வெளிச்சத்தில் கண்ணாடி வானத்தையே எதிரொளிப்பதால், இருட்டிய பின் இன்னொருமுறை வந்து பார்ப்பது நல்லது.

நடக்கும் வழியில் வீட்டு வாசல்களுக்கு முன்னால் உள்ளங்கையளவுள்ள பித்தளைத் தகடுகளையும் காண்பீர்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய இப்பணியில், நாஜிகளால் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பெயரும் பிறந்த ஆண்டும் முடிவும், அவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டின் முன்பே பதிக்கப்படுகின்றன. படிப்பதற்குக் குனிய வேண்டும், குனிந்து படியுங்கள்.

முன்கட்டணம் இல்லாத உலாக்களில், முடிவில் நாம் மனமுவந்து தருவதே வழிகாட்டியின் வருவாய். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நம்முடன் நடந்து பேசுபவருக்குத் தாராளமாகவே கொடுக்க வேண்டும்.

நடு நகர உலாக்கள் பொதுவாக பெர்னவர் தெருவரை செல்வதில்லை. அத்தெருவின் ஒரு பகுதியில் வீடுகள் கிழக்குக்கும் நடைபாதை மேற்குக்கும் உரியவையாக இருந்ததால், 1961 ஆகஸ்டில் மக்கள் சன்னல்களிலிருந்து குதித்துத் தப்பினார்கள். சிலர் விழுந்து இறந்தார்கள். சன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டன; பின்னர் அவ்வீடுகளும் இடிக்கப்பட்டன. இப்போது அங்குள்ள திறந்தவெளி நினைவிடம் சுமார் 1.4 கிலோமீட்டர் நீளுகிறது. அனுமதிக் கட்டணம் இல்லை. வழிகாட்டியுடன் பார்க்கும் ஏற்பாடும் உண்டு. ஒரு முற்பகலை முழுவதுமாக அதற்கு ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.