ஈரமும் எடையும்: 1982-இன் ‘தி திங்’

[காட்சி: விடியற்காலை, ஊட்டி அருகே தலைகுந்தா, புல்வெளி முழுவதும் உறைபனி]

வணக்கம். ஜனவரி விடியலில் இந்தப் புல்வெளியில் நின்று பழகிய நம் மலைக்காரர்கள், குளிர்ப் பிரதேசக் கதை என்றால் நடிகர் பேசும்போது மூச்சு புகைகிறதா என்றுதான் முதலில் கவனிப்போம். ஜான் கார்பெண்டர் இயக்கிய ‘தி திங்’ என்ற திகில் படம் அந்தச் சோதனையில் தேறிவிடும். அன்டார்டிக் ஆய்வு நிலையத்தில் நடக்கும் இக்கதையின் உட்புறக் காட்சிகளை லாஸ் ஏஞ்சலஸில் குளிரூட்டிய அரங்குகளிலும், வெளிப்புறக் காட்சிகளைக் கனடாவின் ஸ்டூவர்ட் ஊருக்கு அருகே உண்மையான பனியிலும் எடுத்தார்கள்.

[காட்சி: 1951 படத்தின் சுவரொட்டி]

இதே கதை 1951-இல் முதன்முதலாகப் படமானபோது, வேற்றுக்கிரக உயிராக வந்தவர் ஜேம்ஸ் ஆர்னஸ் என்ற நெடிய உருவமுள்ள நடிகர். ஆனால், ஜான் டபிள்யூ. கேம்பெலின் 1938-ஆம் ஆண்டுக் குறுநாவலில் அந்த உயிர் யாரை விழுங்குகிறதோ அவராகவே மாறிவிடும். பயத்தின் வேரான அந்தக் குணத்தை முதல் படம் கைவிட்டிருந்தது. கார்பெண்டர் அதை மீட்டெடுத்தார். எனவே உருமாற்றத்தைக் கண்முன்னே காட்டியாக வேண்டிய கட்டாயம் வந்தது. கணினி வரைகலையோ அப்போது அதற்கு உதவும் நிலையில் இல்லை.

[காட்சி: ஒப்பனைக் கூடம், ரப்பர் உருவங்கள்]

அந்தப் பொறுப்பை ஏற்ற ஒப்பனைக் கலைஞர் ராப் பாட்டின் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார். அவருடைய வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மார்பு பிளக்கும் காட்சியை. மாரடைப்பால் சரிந்தவருக்கு மருத்துவர் மின் அதிர்ச்சி கொடுக்க, மார்பு பல்வரிசையுள்ள வாயாகத் திறந்து மருத்துவரின் இரு கைகளையும் கவ்வித் துண்டிக்கிறது. மேசையில் கிடப்பது ஹைட்ராலிக் விசையில் இயங்கும் செயற்கை உடல். கை துண்டாகும் நொடியில் நிற்பவரோ, உண்மையிலேயே இரு கைகளையும் இழந்த மாற்று நடிகர். அவருக்கு மருத்துவரின் முகச்சாயலில் முகமூடி அணிவித்து, மெழுகு எலும்பும் ரப்பர் நரம்பும் ஜெல்லியும் கொண்ட போலிக் கைகளைப் பொருத்தியிருந்தார்கள். அடுத்து வரும், தலை கழன்று இறங்கும் காட்சியைப் படமாக்கியபோது, பயன்படுத்திய ரசாயனங்களின் ஆவி தீப்பிடித்து அந்த உருவத்தையே நெருப்பு சூழ்ந்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. நாய்க்கொட்டடிக் காட்சியின் உருவத்தை மட்டும், வேலைப்பளு மிகுந்ததால், இன்னொரு ஒப்பனைக் கலைஞரான ஸ்டான் வின்ஸ்டனின் குழு செய்தது.

முழு வெளிச்சத்தில் ரப்பர் ரப்பராகத்தான் தெரியும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி சிறு சிறு விளக்குகளால் அங்கங்கே மட்டும் ஒளி கொடுத்து, வழவழப்பான கூழ் பூசிய பரப்பு மின்னும்படியும் மற்றவை இருளில் கரையும்படியும் பார்த்துக்கொண்டார். என் கணிப்பில் இப்படத்தின் பாதி பயம் அந்த ஈர மினுமினுப்பில்தான் இருக்கிறது.

இறுதிக் காட்சிக்காக, பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சட்டம் சட்டமாகப் படம்பிடிக்கும் முறையில் ராண்டல் வில்லியம் குக் உழைத்து உருவாக்கிய பகுதியைக் கார்பெண்டர் பெரும்பாலும் வெட்டிவிட்டார். நடிகர்களோடு ஒரே அறையில் எடையோடு கிடந்த உருவங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த அசைவு வேறொரு படத்திலிருந்து வந்ததுபோல் தெரிந்திருக்கும். இறுதிக் காட்சி சட்டென்று முடிவதாகத் தோன்றினாலும், அந்த வெட்டு சரியானதே என்பது என் கருத்து.